ஒரே ஆள், ஐந்து பெயர்: கலிபோர்னியாவில் ஒரு இன்டர்ன் பார்மசிஸ்ட் லைசென்ஸ் விண்ணப்பம்

என் அக்கா மகள் தமிழ்நாட்டில் பார்ம்.டி. படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு, எச்-1பி ஊழியரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் கலிபோர்னியாவுக்கு வந்தாள். இங்கே பார்மசிஸ்ட் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு முன் மாநில பார்மசி போர்டிடம் இன்டர்ன் பார்மசிஸ்ட், அதாவது பயிற்சி பார்மசிஸ்ட், லைசென்ஸ் வாங்கி, அதன் பெயரில் 1,500 மணிநேரம் வேலை செய்து காட்ட வேண்டும். அந்த லைசென்ஸ் கைக்கு வர 11 வாரம் ஆனது. அதில் பாதிக்கு மேல் தாமதம் ஆனதற்குக் காரணம் பாடமோ பரீட்சையோ இல்லை, அவளுடைய பெயர். தமிழ்நாட்டிலிருந்து வரும் பலருக்கும் இது நேரக்கூடியது என்பதால் அவள் சம்மதத்தோடு முழுவதையும் எழுதுகிறேன். நானும் பார்மசிஸ்ட்தான், இருபது வருடங்களுக்கு மேலாக இங்கேதான் வேலை. அப்படியிருந்தும் அந்தச் சிக்கலை முன்கூட்டியே நான் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

அவள் யாராக விண்ணப்பிக்கிறாள்?

கலிபோர்னியாவில் இன்டர்ன் லைசென்ஸ் யாருக்கு, எத்தனை காலத்துக்கு என்பதை வணிக, தொழில் சட்டத்தொகுப்பின் 4208-வது பிரிவு சொல்கிறது. அங்கீகாரம் பெற்ற பார்மசி கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு ஒன்றிலிருந்து ஆறு ஆண்டு வரை கிடைக்கும். வெளிநாட்டில் படித்து முடித்தவருக்கு இரண்டு ஆண்டுதான். இந்த இரண்டு ஆண்டு என்ற எண் இந்தக் கதையில் பிறகு பெரிதாக வரும்.

வெளிநாட்டில் படித்தவர் முதலில் எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். இதைத் தருவது போர்டு இல்லை, மாநில போர்டுகளின் தேசியச் சங்கமான என்.ஏ.பி.பி. நம் கல்வியை மதிப்பிட்டு, எஃப்.பி.ஜி.இ.இ. என்ற தேர்வு வைத்து, டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணும் பார்த்த பிறகுதான் தருவார்கள். இவள் எழுதியபோது டோஃபெலில் பேச்சுப் பகுதிக்கு 26 வேண்டியிருந்தது. 30-க்கு 26. மருந்தியலில் கெட்டிக்காரர்கள் பலரை இந்த 26 இரண்டு மூன்று முறை திரும்பவும் எழுத வைத்திருக்கிறது. இவள் இரண்டாவது முறையில் தாண்டினாள்.

இன்னொரு வாசல் அதற்கும் முன்னாலேயே இருக்கிறது. 2003 ஜனவரி 1-க்கு முன் பட்டம் பெற்றவருக்கு நான்கு ஆண்டுப் படிப்பு போதும். அதற்குப் பின் என்றால் குறைந்தது ஐந்து ஆண்டுப் பாடத்திட்டம் வேண்டும். நான் 1998-இல் நான்கு ஆண்டு பி.பார்ம் முடித்தேன், உள்ளே வந்துவிட்டேன். அதே பி.பார்ம்-ஐ 2006-இல் முடித்த என் தோழியின் தம்பியால் விண்ணப்பிக்கவே முடியவில்லை. அவனுடைய படிப்பில் எந்தக் குறையும் இல்லை, ஆண்டுதான் வேறு. இந்தியாவில் 2008-இல் தொடங்கிய பார்ம்.டி. ஆறு ஆண்டுப் படிப்பு, அதில் கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. அதனால் என் அக்கா மகளுக்கு இந்த வாசலில் தடை இல்லை. பி.பார்ம் முடித்துவிட்டு அமெரிக்கக் கனவோடு இருக்கும் பிள்ளைகள் யாராவது வீட்டில் இருந்தால், தேர்வுப் புத்தகம் வாங்குவதற்கு முன் இந்த ஒரு வரியை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பணமும் வருடங்களும் மிச்சமாகும்.

ஐந்து பெயர்கள்

பள்ளிச் சான்றிதழ்களில் அவள் பெயருக்கு முன்னால் "எஸ்." என்ற இனிஷியல். பட்டச் சான்றிதழில் அதே இனிஷியல் பெயருக்குப் பின்னால். மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்தபோது பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு "ஹெச்" கூடிவிட்டது. "த"வுக்கு "டி" மட்டும் போடுவதா, "டி.ஹெச்" போடுவதா என்ற நம் ஊர்ப் பழைய குழப்பம்தான். முதல் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டார்கள். டோஃபெல், எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ், முதல் வேலை அனுமதி அட்டை, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாமே அந்தப் பாஸ்போர்ட்டின்படி வந்தவை. பத்து ஆண்டு முடிந்து சான் பிரான்சிஸ்கோவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது, அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைக் குடும்பப் பெயராக்கினாள். ஓட்டுநர் உரிமமும் பிறகு அப்படியே மாறியது.

ஆக, ஐந்து பெயர். நமக்கு அது ஒரே பெயர்தான். "எஸ்" என்றால் அப்பா என்று நம்மில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இனிஷியல் முன்னால் வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன, ஆள் அதே ஆள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். விண்ணப்பத்தில் இதற்கு முன் பயன்படுத்திய வேறு பெயர்களைக் கேட்கும் இடம் இருந்தது. அதை வெறுமையாக விட்டாள்.

பின்னர் நான் கேட்டபோது அவள் சொன்னது: "சித்தி, வேற பேருன்னா நான் என்னவோ புனைபெயர் மாதிரின்னு நெனச்சேன். இது என் பேருதானே?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் மறைக்கவில்லை. அந்தக் கேள்வி முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று பெட்டியில் அடங்கும் பெயர்களை மனதில் வைத்துக் கேட்கப்பட்ட கேள்வி. நம் பெயருக்கு அந்தப் பெட்டிகளே கிடையாது.

கைரேகை வந்தது, ஆனால் வேறொருத்தியாக

விண்ணப்பத்தை அவள் யோசித்துத்தான் நிரப்பினாள். எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழில் இருக்கும் பெயர்தான் முக்கியம் என்று கருதி, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டாள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் அந்தப் பெயரில்தான் இருந்தது. அதுவரை சரி.

அப்புறம் கைரேகை. கலிபோர்னியாவில் இருப்பவர்கள் லைவ் ஸ்கேன் என்ற முறையில் கொடுக்கலாம். படிவத்தை எடுத்துக்கொண்டு ஒரு மையத்துக்குப் போனால் கண்ணாடியில் விரலை வைத்துப் பதிவு செய்வார்கள். அது மின்னணு வழியாக மாநில நீதித்துறைக்கும் எஃப்.பி.ஐ.க்கும் போகும். அங்கே இருந்தவர் அடையாள அட்டை கேட்டார். இவள் ஓட்டுநர் உரிமத்தைக் கொடுத்தாள். அவர் அதில் இருந்தபடி, கணவர் பெயரோடு, தட்டச்சு செய்தார். அவர் மேல் குறையே இல்லை. அடையாள அட்டையில் இருப்பதைத்தானே அவர் போட முடியும்?

விண்ணப்பம் ஒரு பெயரில், கைரேகை இன்னொரு பெயரில். ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது: கைரேகை முடிவு இன்னும் வரவில்லை, விண்ணப்பம் முழுமையாகவில்லை.

அவள் உடனே இன்னொரு முறை கைரேகை கொடுக்கக் கிளம்பினாள். நல்லவேளை, அன்று மாலை எனக்குப் போன் செய்தாள். "இரு, அவசரப்படாதே" என்றேன். லைவ் ஸ்கேன் படிவத்தின் நகலில் ஏ.டி.ஐ. என்று ஒரு எண் இருக்கும். அதை வைத்துக் கைரேகை எந்த நிலையில் இருக்கிறது என்று நீதித்துறையில் பார்க்கலாம். பார்த்தோம். வேலை என்றைக்கோ முடிந்திருந்தது. அப்படியென்றால் கைரேகை தொலையவில்லை, வேறு பெயரில் நிற்கிறது. அந்த ஓட்டுநர் உரிமப் பெயரிலேயே மறுபடி கொடுத்திருந்தால் மறுபடியும் அதே கதைதான்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை அப்படியே சொல்கிறேன். ஒரு பக்கக் கடிதம். அதில் ஐந்து பெயர்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எந்த ஆவணத்தில் இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்று ஒவ்வொரு வாக்கியம். இனிஷியல் என்பது தந்தையின் பெயரின் முதல் எழுத்து என்றும், எங்கள் வழக்கில் குடும்பப் பெயர் கிடையாது என்றும் இரண்டு வரி. கூடவே பழைய பாஸ்போர்ட் நகல், புதிய பாஸ்போர்ட் நகல், திருமணச் சான்றிதழ், ஏ.டி.ஐ. எண்ணோடு லைவ் ஸ்கேன் படிவத்தின் நகல். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணத்தையும் பதிவு செய்தாக வேண்டும் என்பது இங்கே உதவியது. அவள் திருமணம் பதிவாகியிருந்தது, சான்றிதழில் அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டும் இருந்தன. இரண்டு பாஸ்போர்ட்டையும் கட்டிப்போட்ட முடிச்சு அந்த ஒரே காகிதம்தான். கூடுதல் "ஹெச்"சுக்கு, இரண்டு எழுத்துக்கூட்டலும் ஒரே நபர்தான் என்று எஃப்.பி.ஜி.இ.சி. சமயத்திலேயே கல்லூரி கொடுத்திருந்த கடிதம் கையில் இருந்தது.

விண்ணப்பத்தின் பெயரையும் இப்போதைய சட்டப்பூர்வப் பெயருக்கு, அதாவது கணவர் பெயரோடு இருப்பதற்கு, மாற்றச் சொல்லிக் கேட்டோம். மற்ற நான்கும் "வேறு பெயர்கள்" பகுதிக்குப் போயின. சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் அதே வாரம் போய் மாற்றச் சொன்னேன். ஆறு வாரத்தில் லைசென்ஸ் வந்தது.

இப்போது யோசித்தால், முதலில் செய்திருக்க வேண்டியது எளிது. இன்றைக்குக் கையில் இருக்கும் அரசு அடையாள அட்டையின் பெயரில் விண்ணப்பம், அதே அட்டையைக் காட்டிக் கைரேகை, பழைய பெயர்கள் அத்தனையும் அதற்குரிய இடத்தில், ஒன்று விடாமல். எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழின் பெயர் வேறாக இருந்தால் இருக்கட்டும், திருமணச் சான்றிதழை முதல் நாளே உடன் வைத்தால் போதும்.

காத்திருந்த ஏழு வாரம்

லைசென்ஸ் வருவதற்கு முன்பே ஒரு சின்ன பார்மசியில் அவளை வரச் சொன்னார்கள். வேலை அனுமதி அட்டை இருந்தது, சம்பளமும் உண்டு. ஏழு வாரம் போனாள், ஏறக்குறைய 140 மணிநேரம். நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் எழுதி வைத்திருந்தாள். எனக்குக் காட்டியபோது அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அந்த 140-இல் ஒன்றுகூடச் சேராது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. 4209-வது பிரிவு 1,500 மணிநேரத்தை "இன்டர்ன் பார்மசிஸ்ட்" முடிக்க வேண்டும் என்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் இன்டர்ன் இல்லை. லைசென்ஸ் இல்லாத ஊழியர் பார்மசியில் செய்யக்கூடியது மிகவும் குறைவு: மருந்துச்சீட்டு விவரத்தைக் கணினியில் ஏற்றலாம், லேபிள் அடிக்கலாம், மறுநிரப்பலுக்கு மருத்துவர் அலுவலகத்தின் அனுமதி கேட்டு வாங்கலாம். அவளும் அதைத்தான் செய்தாள், அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அது வேறு வேலை. நோயாளியிடம் மருந்தைப் பற்றிப் பேசுவது போன்றவற்றை ஆர்வத்தில் தொட்டிருந்தால் லைசென்ஸுக்கே ஆபத்தாகியிருக்கும். லைசென்ஸ் கையில் வந்த பிறகோ, மேற்பார்வை செய்யும் பார்மசிஸ்டின் விருப்பத்துக்கும் நேரடிக் கண்காணிப்புக்கும் உட்பட்டு, ஒரு பார்மசிஸ்ட் செய்யும் எல்லா வேலையையும் இன்டர்ன் செய்யலாம். ஒரு தபாலுக்கு முன்னும் பின்னும் அவ்வளவு வித்தியாசம்.

இரண்டு ஆண்டு ஓடத் தொடங்குகிறது

லைசென்ஸ் வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினோம். அடுத்த நாளே நான் காலண்டரை எடுத்தேன். இரண்டு ஆண்டு என்றால் 104 வாரம். வாரம் 40 மணிநேரம் கிடைத்தால் 1,500 மணிநேரத்துக்கு 37 வாரத்துக்குக் கொஞ்சம் மேல். வாரம் 20 என்றால் 75 வாரம். தாராளமாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு, இடம் கிடைத்தவருக்கு.

இடம் கிடைப்பதுதான் கடினம். ஒரு பார்மசிஸ்ட் ஒரே நேரத்தில் இரண்டு இன்டர்ன்களுக்கு மேல் மேற்பார்வை செய்ய முடியாது. உள்ளூர்ப் பார்மசி கல்லூரிகள் தங்கள் மாணவர்களை ஒப்பந்தம் போட்டு அந்த இடங்களில் உட்கார வைத்துவிடுகின்றன. கல்லூரி என்ற பின்பலம் இல்லாமல் தனியாக வரும் வெளிநாட்டுப் பட்டதாரி, கதவு கதவாகப் போய்க் கேட்க வேண்டும். நான் வேலை செய்யும் இடத்திலேயே சேர்த்துவிடலாமே என்று அக்கா கேட்டாள். சொந்த அக்கா மகளின் மணிநேரத்துக்கு நானே கையெழுத்துப் போடுவதை நான் விரும்பவில்லை. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் அது அவளைத்தான் பாதிக்கும்.

இதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் வந்த கையோடு இன்டர்ன் விண்ணப்பத்தைப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஒரு பார்மசிஸ்டிடம் பேசி இடத்தை உறுதி செய்யுங்கள். எச்-4-இல் இருந்தால் வேலை அனுமதி அட்டை வந்துவிட்டதா என்று பாருங்கள். 2016 முதல் கலிபோர்னியா போர்டுகள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குப் பதில் ஐ.டி.ஐ.என். வரி எண்ணையும் ஏற்கின்றன. அதனால் வேலை அனுமதி இல்லாமலேயே லைசென்ஸ் வாங்கிவிட முடியும். வாங்கலாம், ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, இரண்டு ஆண்டு மட்டும் கரையும். முதல் காலத்தில் லைசென்ஸைப் பயன்படுத்த முடியாமல் போனதை நிரூபித்தால் போர்டு தன் விருப்பப்படி இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு. அது விருப்பம், உரிமை இல்லை. அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

அவளுக்கு அந்தச் சின்ன பார்மசியே முதல் இடமானது. வாரம் 20 மணிநேரம். 21-ஆவது வாரத்தில் உரிமையாளர் கடையை விற்கப் போவதாகச் சொன்னார். அவர்தான் மேற்பார்வை பார்மசிஸ்டும். அன்று இரவே அவளிடம் சொன்னேன், நாளைக்குக் காலையில் உறுதிமொழித் தாளோடு போ என்று. மணிநேரத்தைச் சான்று செய்யும் அந்தத் தாளில், மேற்பார்வை செய்த பார்மசிஸ்டோ அந்த பார்மசியின் பொறுப்பு பார்மசிஸ்டோ, பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதியோடு கையெழுத்திட வேண்டும். கடை கை மாறிய பிறகு, தன்னைப் பார்த்தே இராத புது ஆளிடம் போய் நின்றால் அவர் ஏன் போடுவார்? பழையவர் 412 மணிநேரத்துக்கு மனமாரக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவள் நாள்வாரியாக எழுதிய நோட்டு இருந்ததால் சரிபார்க்க அரை மணிநேரம்கூட ஆகவில்லை.

அடுத்த ஒன்பது வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் காலம் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள், "ஊருக்கே போயிடலாமா சித்தி?" என்று கேட்டாள். நாற்பது இடங்களுக்கு மேல் நேரில் போய்க் கேட்டிருந்தாள். மின்னஞ்சலுக்குப் பதில் சொல்லாதவர்கள்கூட, கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் நேரே போய் நின்றால் இரண்டு வார்த்தை பேசினார்கள். அப்படி ஒருவர் சொல்லித்தான் ஒரு மருத்துவமனை பார்மசியில் 12 வாரம் முழுநேர இடம் கிடைத்தது.

அது தற்செயலாக வந்த நன்மை. விதிப்படி 1,500-இல் குறைந்தது 900 மணிநேரம் பார்மசிக்குள்ளேயே பெற்றதாக இருக்க வேண்டும். தொழிலோடு நெருங்கிய வேறு அனுபவத்துக்கு அதிகபட்சம் 600. அதோடு, கடைவீதி பார்மசி, மருத்துவமனை போன்ற நிறுவன பார்மசி இரண்டிலும் அனுபவம் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியைக் கவனிக்காமல் 1,500-ஐயும் ஒரே கடையில் முடித்துவிட்டு, கடைசியில் மருத்துவமனை தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். இவளும் அந்தச் சின்னக் கடை விற்கப்படாமல் இருந்திருந்தால் அங்கேயே முடித்திருப்பாள்.

மருத்துவமனையில் 480 மணிநேரம். பிறகு இன்னொரு கடைவீதி பார்மசியில் வாரம் 24 வீதம் 27 வாரம், 648. மொத்தம் 1,540. லைசென்ஸ் வந்த நாளிலிருந்து 69-ஆவது வாரம். நடுவில் வீடு மாறினார்கள். புது முகவரியை 30 நாளுக்குள் போர்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை அவளே நினைவில் வைத்திருந்து, சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே அனுப்பிவிட்டாள்.

போன மாதம் பார்மசிஸ்ட் தேர்வுக்கான விண்ணப்பத்தை நிரப்பினாள். தேசிய அளவிலான நேப்ளெக்ஸ், அதோடு கலிபோர்னியாவின் சொந்தச் சட்ட, தொழில்நடைமுறைத் தேர்வான சி.பி.ஜே.இ. மேஜையில் மூன்று உறுதிமொழித் தாள்கள், திருமணச் சான்றிதழின் நகல், இரண்டு பாஸ்போர்ட். வேறு பெயர்கள் கேட்ட இடத்தில் எழுதத் தொடங்கும்போது, "இனிஷியல் முன்னாடி வர்றதையும் பின்னாடி வர்றதையும் தனித்தனியாப் போடவா சித்தி?" என்று கேட்டாள். தனித்தனியாகவே போடச் சொன்னேன்.